நாளைய போரை நாவலாக்குவது எப்படி: தைவான் நீரிணையை வைத்து ஒரு முழு வழிகாட்டி

போர்த் திரில்லர் எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் ஆயுதத்தில்தான் தொடங்குகிறார்கள். எந்த ஏவுகணை எவ்வளவு தூரம் போகும், எந்த விமானம் ரேடாரில் சிக்காது என்று பட்டியல் போட்டுவிட்டு, அந்தப் பட்டியலைச் சுற்றிக் கதையைக் கட்டுகிறார்கள். முப்பது பக்கத்தில் கதைக்கு மூச்சு வாங்கிவிடும். வாசகருக்கு ஏவுகணையின் பெயர் மனதில் தங்காது. அது வந்து விழ இன்னும் எத்தனை நொடி இருக்கிறது என்பதுதான் தங்கும். தூரம், நேரம், கையிருப்பு ஆகிய மூன்றையும் ஒழுங்காகக் கணக்குப் போட்டுவிட்டால் பாதிக் கதை தானாக வந்து நிற்கும். ஆயுதமெல்லாம் அப்புறம்.

இந்த வழிகாட்டிக்கு உதாரணமாகச் சீனாவும் அமெரிக்காவும் தைவானை வைத்து மோதும் ஒரு கற்பனைப் போரை எடுத்துக்கொள்கிறேன். இன்றைக்கு இந்த வகை நாவல்கள் அதிகம் சுற்றிவரும் இடம் அதுதான். பொதுவெளியில் தகவலும் நிறையக் கிடைக்கிறது. வேறு களத்தை எடுத்தாலும் வேலை செய்யும் முறை இதேதான்.

1. வரைபடத்தை விரியுங்கள்

1906-ல் வில்லியம் லெ க்யூ என்பவர் ஜெர்மானியர்கள் இங்கிலாந்து மீது படையெடுப்பதாக ஒரு தொடர்கதையை டெய்லி மெயில் பத்திரிகையில் எழுதினார். எதிரிப்படை வரக்கூடிய பாதையை நிபுணர்களிடம் கேட்டு நியாயமாகத்தான் வகுத்திருந்தார். பத்திரிகை முதலாளிக்கு அது பிடிக்கவில்லை. பத்திரிகை விற்காத குக்கிராமங்கள் வழியே எதிரி போனால் யாருக்கு லாபம்? பெரிய ஊர்கள் வழியே பாதையைத் திருப்பச் சொன்னார், கதையும் திரும்பியது. விற்பனைக்கு அது உதவியிருக்கலாம். உங்கள் நாவலில் அப்படி நிலத்தை வளைத்தால், கூகுள் மேப்பைத் திறந்துவைத்துக்கொண்டு படிக்கிற இன்றைய வாசகர் அடுத்த நிமிடமே பிடித்துவிடுவார்.

தைவான் நீரிணை மிகக் குறுகலான இடத்தில் சுமார் 130 கி.மீ. அகலம். சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையே உள்ள சாலைத் தூரத்தைவிடக் கொஞ்சம் குறைவு. தைவான் ஆட்சியில் இருக்கும் கின்மென் தீவிலிருந்து பார்த்தால் சீனாவின் ஷியாமென் நகரக் கட்டடங்கள் கண்ணுக்குத் தெரியும். அமெரிக்கா எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? ஜப்பானின் ஒகினாவா தீவில் உள்ள அமெரிக்காவின் கடேனா விமானத்தளம் தைபேயிலிருந்து சுமார் 650 கி.மீ., அமெரிக்கத் தீவான குவாம் 2,700 கி.மீ.க்கு மேல், ஹவாய் 8,000 கி.மீ.க்கு மேல். கலிஃபோர்னியாவின் சான் டியாகோ துறைமுகத்திலிருந்து கடல்வழியாக ஏறத்தாழ 6,000 கடல் மைல். 20 நாட் (மணிக்கு 20 கடல் மைல்) வேகத்தில் வரும் கப்பலுக்கு அது 300 மணி நேரம், அதாவது பன்னிரண்டரை நாள்.

இந்த ஒரு கணக்கிலேயே கதையின் எலும்புக்கூடு தெரிகிறது, பாருங்கள். சண்டை தொடங்கிய முதல் பன்னிரண்டு நாளில் பக்கத்தில் என்ன இருக்கிறதோ அதைக் கொண்டுதான் சமாளிக்க வேண்டும். சீனாவின் டிஎஃப்-26 ஏவுகணை சுமார் 4,000 கி.மீ. பாயும் என்கிறார்கள். அப்படியானால் ‘பக்கத்தில்’ இருக்கிற குவாமும் பத்திரமான இடமல்ல. ‘அமெரிக்காவின் ஏழாவது கப்பற்படை விரைந்து வந்தது’ என்று ஒரே வரியில் எழுத இனி உங்களுக்கே கை வராது.

ஆழத்தையும் பாருங்கள். நீரிணையின் சராசரி ஆழம் 60 மீட்டர் அளவுதான். அமெரிக்காவின் வர்ஜீனியா வகை நீர்மூழ்கியின் நீளமே சுமார் 115 மீட்டர். அதைச் செங்குத்தாக நிறுத்தினால் பாதி உடம்பு தண்ணீருக்கு வெளியே நிற்கும்! ஆகவே நீரிணைக்குள் நீர்மூழ்கி பதுங்குகிற காட்சி எழுதினால் அதன் தலைவனுக்கு வியர்த்துக் கொட்ட வேண்டும். தீவின் கிழக்குப் பக்கம் இதற்கு நேர்மாறு. மலை சரிந்து இறங்கி, கொஞ்ச தூரத்திலேயே கடல் ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழத்துக்குப் போய்விடுகிறது. நடுவே முதுகெலும்பு போல ஓடும் மலைத்தொடரில் யூஷான் சிகரம் 3,952 மீட்டர். ஜனங்கள் பெரும்பாலும் மேற்குச் சமவெளியில்தான் வாழ்கிறார்கள். தரையிறங்குகிறவர்களுக்குக் கடற்கரை கிடைத்தாலும், அதைத் தாண்டினால் வயலும் நகரமும்தான்.

2. காலண்டரை மாட்டுங்கள்

வடகிழக்குப் பருவக்காற்று வீசும் குளிர்காலத்தில் நீரிணை கொந்தளிக்கும். கோடையின் பிற்பகுதியில் டைஃபூன் புயல்கள் வரும். ஏப்ரலையும் அக்டோபரையும் ஒட்டிய வாரங்கள்தான் கடல் கடப்பதற்குத் தோதானவை என்று ராணுவ ஆய்வாளர்கள் சொல்வது வழக்கம். உங்கள் போர் எந்த மாதத்தில் தொடங்குகிறது என்பதை முதல் அத்தியாயத்துக்கு முன்னாலேயே முடிவு செய்துவிடுங்கள். 1944-ல் நார்மண்டி தரையிறக்கம் வானிலையால் ஒரு நாள் தள்ளிப்போய் ஜூன் 6-ல் நடந்தது. அந்த ஒரு நாள் காத்திருப்பை மட்டும் வைத்து ஒரு முழு அத்தியாயம் எழுதலாம்.

அடுத்து, ரகசியம். லட்சம் பேரைக் கடல் கடத்த வேண்டுமென்றால் கப்பல்கள் சேர வேண்டும், எரிபொருள் வர வேண்டும், மருத்துவமனைகளில் ரத்தம் சேமிக்க வேண்டும். இதையெல்லாம் இன்று மறைக்கவே முடியாது. 2022 பிப்ரவரி 24 அதிகாலையில், உக்ரைன் எல்லைக்குப் பக்கத்தில் ரஷ்யாவின் பெல்கொரோத் அருகே கூகுள் மேப்பில் போக்குவரத்து நெரிசல் காட்டியது. கலிஃபோர்னியாவில் உட்கார்ந்திருந்த ஆராய்ச்சியாளர்கள் அதைப் பார்த்துப் படை கிளம்பிவிட்டது என்று ஊகித்தார்கள். அதிகாரபூர்வ அறிவிப்பு வருவதற்கு முன்பே நடந்தது இது.

அதனால் ‘யாருமே எதிர்பாராத தாக்குதல்’ என்று எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள். எல்லோருக்கும் கண்ணில் படுகிறது, ஆனால் இது ஒத்திகையா நிஜமா என்று எவருக்கும் தெரியவில்லை. அந்தக் குழப்பத்தைத்தான் எழுத வேண்டும்.

3. தீப்பொறியைச் சின்னதாக வையுங்கள்

பெரிய மேஜையைச் சுற்றி உட்கார்ந்து உலகத்தைப் பிடிக்கத் திட்டமிடும் கிழவர்களை விட்டுவிடுங்கள். 2001 ஏப்ரல் 1 அன்று தென்சீனக் கடலுக்கு மேலே அமெரிக்காவின் இபி-3 உளவு விமானமும் ஒரு சீனப் போர் விமானமும் உரசிக்கொண்டன. சீன விமானி இறந்தார். அடிபட்ட அமெரிக்க விமானம் அனுமதியில்லாமலே ஹைனான் தீவில் இறங்கியது. அதில் இருந்த 24 பேரும் 11 நாள் அங்கேயே வைக்கப்பட்டார்கள். கடைசியில், மன்னிப்பு என்று ஒரு பக்கமும், மன்னிப்பு இல்லை என்று இன்னொரு பக்கமும் எடுத்துக்கொள்ளத் தோதான ஒரு கடிதத்தில் விவகாரம் முடிந்தது.

அந்தக் கடிதம் எழுதப்படாமலே போயிருந்தால்? நாவல் அங்கே தொடங்குகிறது. 2023 பிப்ரவரியில் தன் வான்வெளிக்குள் வந்த சீன பலூனை அமெரிக்கா சுட்டு வீழ்த்தியதும் அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் சீன அமைச்சருடன் பேச வேண்டும் என்று கேட்டார். எதிர்ப்பக்கம் மறுத்துவிட்டது. நெருக்கடி நேரத்துக்கென்று போட்டுவைத்த இணைப்பு, நெருக்கடி வந்ததும் பயன்படவில்லை. இதைவிட நல்ல முதல் அத்தியாயத்தைக் கற்பனை செய்வது கஷ்டம்.

இன்னொரு வழியும் இருக்கிறது. என் கணிப்பில் கதைக்கு இதுதான் அதிக ருசி. குண்டு போட வேண்டாம். சீனக் கடலோரக் காவல்படை வெள்ளைக் கப்பல்களை அனுப்பி, தைவானுக்குப் போகும் சரக்குக் கப்பல்களிடம் ‘சுங்கச் சோதனை’ என்று சொல்லி நிறுத்தட்டும். போர்க்கப்பல் வைத்து முற்றுகையிட்டால் அது போர்ச் செயல். சுங்க அதிகாரி ஏணி வைத்து ஏறி ஆவணம் கேட்டால் அது என்ன? அதற்கு யார், எப்போது, எதைக் கொண்டு பதில் சொல்வது? வாஷிங்டனில் வழக்கறிஞர்கள் வாதாடிக்கொண்டிருக்கும்போது தைவானின் எரிவாயுத் தொட்டிகள் காலியாகிக்கொண்டிருக்கும்.

4. கையிருப்பை எண்ணுங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். எனக்கு இதுவே மொத்த நாவலின் இதயம்.

தைவான் தனக்கு வேண்டிய எரிசக்தியில் 90 சதவீதத்துக்கும் மேல் வெளியிலிருந்துதான் வாங்குகிறது. மின்சாரத்தில் பெரும்பங்கு இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது. கப்பலில் திரவமாக்கி வரும் அந்த எரிவாயுவுக்குக் கையிருப்பு சுமார் 11 நாள் என்பதே பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. கடைசி அணு உலையையும் 2025 மே 17-ல் நிறுத்திவிட்டார்கள். இப்போது அத்தியாயங்களுக்கு எண் போடுவதற்குப் பதிலாக ‘மீதி 11 நாள்’, ‘மீதி 10 நாள்’ என்று தலைப்பு வைத்துப் பாருங்கள். வெடிச்சத்தமே இல்லாமல் பதற்றம் ஏறும். உலகின் மிக முன்னேறிய சிப்புகளில் பெரும்பகுதியைச் செய்யும் தைவான் தொழிற்சாலைகளுக்கும் அதே மின்சாரம்தான். எந்த நாளில் ஆலைக்கு மின்சாரத்தை நிறுத்தி மருத்துவமனைக்குக் கொடுப்பது என்று ஒரு அதிகாரி முடிவெடுக்க வேண்டியிருக்கும். போர்முனைக் காட்சி எதற்கும் இது குறைந்ததல்ல.

கப்பல்களுக்கும் இதே கணக்கு. அமெரிக்காவின் புதிய அர்லி பர்க் வகை நாசகாரிப் போர்க்கப்பலில் ஏவுகணைகளை வைத்து ஏவும் கூண்டுகள் 96 உண்டு. கேட்க நிறைய மாதிரி இருக்கும். வருகிற ஒவ்வொரு ஏவுகணைக்கும் இரண்டு எதிர் ஏவுகணை விடுவதாக வைத்து, சில கூண்டுகளில் வேறு வகை ஆயுதங்கள் இருக்கும் என்பதையும் கழித்தால், தொடர்ந்து அடி விழும் ஒரு பிற்பகலில் அது தீர்ந்துவிடும். தீர்ந்தால் துறைமுகத்துக்குத் திரும்பித்தான் நிரப்ப வேண்டும். கடலிலேயே நிரப்பும் முறையை 2024 அக்டோபரில் சான் டியாகோவுக்கு அப்பால் சோதித்துப் பார்த்தார்கள். உங்கள் கதை 2030-ல் நடந்தால் அது எந்த அளவு கைகூடியது என்பதை நீங்களே தீர்மானிக்கலாம். ஆனால் ஒன்று: பாதி கைகூடிய தொழில்நுட்பம்தான் கதைக்கு நல்லது.

எரிபொருள் தொட்டியைக் குறிவைப்பது புதிய யோசனையுமல்ல. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மனியின் எம்டன் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு வந்து பர்மா ஆயில் நிறுவனத்தின் தொட்டிகளைத்தான் சுட்டது. ஒரே கப்பல், அரை மணி நேர வேலை. உயிர்ச்சேதம் சொற்பம். ஊரே மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பியது. இந்த வகை நாவல்கள் இடிபாட்டைப் பக்கம் பக்கமாக எழுதுகின்றன, மூட்டை கட்டும் வீடுகளுக்குள் எட்டிப் பார்ப்பதில்லை.

5. ஒரு தாக்குதலை நொடி நொடியாக எழுதிப் பழகுங்கள்

கடல்மட்டத்தை ஒட்டிப் பறக்கும் ஏவுகணையைக் கப்பல் ரேடார் எப்போது பார்க்கும்? பூமி உருண்டை என்பதால் தொடுவானுக்குக் கீழே இருக்கும் வரை பார்க்காது. கணக்கு சுலபம். ரேடார் ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து அதன் வர்க்கமூலம் காணுங்கள். ஏவுகணையின் உயரத்துக்கும் அப்படியே செய்யுங்கள். இரண்டையும் கூட்டி 4.1-ஆல் பெருக்கினால் கிலோமீட்டரில் விடை வரும். ஆன்டெனா 16 மீட்டர், ஏவுகணை 4 மீட்டர் என்றால் 4-ம் 2-ம் ஆறு, பெருக்கினால் ஏறத்தாழ 25 கி.மீ. ஒலியைவிடச் சற்று மெதுவாக, நொடிக்கு 300 மீட்டர் வரும் ஏவுகணைக்கு இது சுமார் 80 நொடி. ஒலியைப்போல மூன்று மடங்கு வேகத்தில் வந்தால் 25 நொடி.

25 நொடியில் ஒரு மனிதர் என்னென்ன செய்ய முடியும் என்று கடிகாரத்தை வைத்துக்கொண்டு நீங்களே நடித்துப் பாருங்கள். வசனம் எல்லாம் தானாகச் சுருங்கிவிடும்.

இப்போது ஒரே காட்சியை இரண்டு விதமாகப் பார்ப்போம். முதலில், பலரும் எழுதுவது:

‘ஒலியைவிட மூன்று மடங்கு வேகத்தில் சீறிப் பாயும், முந்நூறு கிலோ வெடிபொருள் சுமந்த, உலகிலேயே அதிநவீனமான அந்த ஏவுகணை, நாசகாரிக் கப்பலை நோக்கி மரணத்தின் தூதனாக விரைந்தது.’

அடுத்தது:

‘தென்மேற்கில் ஒரு புள்ளி. திரை மறுபடி சுழன்று வந்தபோது இரண்டு. அவள் குரலை உயர்த்தவில்லை. பயிற்சியில் சொல்லும் அதே தொனியில் திசையைச் சொன்னாள். பக்கத்தில் இருந்தவன் பொத்தானை அழுத்தினான். முன்தளத்தில் மூடி திறக்கும் அதிர்வு பாதத்தில் தெரிந்தது. ஒன்று போயிற்று. இரண்டாவதும் போயிற்று. மூன்றாவது கூண்டு சிவப்பு காட்டியது. மறுபடி அழுத்தினான். சிவப்பு. “அதை விடு, அடுத்தது” என்றாள். பதினோரு நொடி.’

இரண்டாவதில் ஆயுதத்தின் பெயர்கூட இல்லை. ஆனால் கூண்டு, மூடி, அதிர்வு, சிவப்பு விளக்கு ஆகிய நான்கும் இருக்கின்றன. தொழில்நுட்பத் திரில்லரில் தொழில்நுட்பம் இருக்க வேண்டிய இடம் இதுதான்: கதாபாத்திரத்தின் கைக்கும் காலுக்கும் எட்டும் தூரத்தில்.

நிஜம் சில சமயம் இதைவிடச் சாதாரணமாக இருக்கும். 1982 மே 4-ல் ஃபாக்லாந்து போரில் பிரிட்டனின் ஷெஃபீல்ட் கப்பலை அர்ஜென்டினா விமானங்கள் விட்ட எக்ஸோசெட் ஏவுகணை தாக்கி 20 பேர் இறந்தார்கள். பல ஆண்டுகள் கழித்து முழுமையாக வெளிவந்த விசாரணை அறிக்கையில், வான்தாக்குதலைக் கவனிக்க வேண்டிய அதிகாரி அந்த நேரத்தில் காபி குடிக்கப் போயிருந்தார் என்றும், அவருடைய உதவியாளர் கழிப்பறைக்குப் போயிருந்தார் என்றும் இருந்தது. நாவலில் இதை எழுதத் துணிச்சல் வேண்டும். எழுதுங்கள்.

6. இயந்திரத்தைப் பழுதாக்குங்கள்

எதிர்காலப் போர் என்றதும் எல்லாம் சரியாக வேலை செய்யும் உலகத்தைக் கற்பனை செய்கிறோம். உண்மையில் முதல் நாளே பாதி வேலை செய்யாது. ரஷ்யப் படை உக்ரைனுக்குள் நுழைவதற்குச் சுமார் ஒரு மணி நேரம் முன்பு வியாசாட் நிறுவனத்தின் செயற்கைக்கோள் மோடம்கள் ஆயிரக்கணக்கில் முடக்கப்பட்டன. குறி உக்ரைன் ராணுவத்தின் தகவல் தொடர்பு. கூடவே ஜெர்மனியில் சுமார் 5,800 காற்றாலைகளைத் தூரத்திலிருந்து கண்காணிக்க முடியாமல் போயிற்று. சைபர் தாக்குதலைக் கதையில் எழுதும்போது இந்தக் குணத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்: எறிந்தவனுக்கே அது எங்கே போய் விழும் என்று தெரியாது. கறுப்புத் திரையில் பச்சை எழுத்து ஓட, ஒரு பையன் ‘உள்ளே போயிட்டேன்’ என்று கத்தும் காட்சி தயவுசெய்து வேண்டாம்.

2017 ஜூனில் நாட்பெட்யா என்ற தீநிரல் மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தின் கணினிகளை உலகம் முழுக்க அழித்தது. மொத்த வலையமைப்பையும் திரும்பக் கட்ட ஆதாரமாக இருக்க வேண்டிய சர்வர் பிரதிகள் எல்லாம் போய்விட்டன, ஒன்றைத் தவிர. கானா நாட்டு அலுவலகத்தில் அந்த நேரம் பார்த்து மின்வெட்டு. அதனால் அங்கிருந்த ஒரு சர்வர் மட்டும் தப்பியது. அதில் இருந்ததை இணையத்தில் அனுப்ப வேகம் போதவில்லை. கானா ஊழியருக்கு பிரிட்டன் விசாவும் இல்லை. அவர் நைஜீரியா விமான நிலையம் வரை போய் இன்னொரு ஊழியரிடம் ஹார்ட் டிஸ்கைக் கொடுக்க, அவர் லண்டனுக்குக் கொண்டுபோனார். உலக வர்த்தகத்தில் ஒரு பெரும்பகுதியைத் தூக்கி நிறுத்தியது ஒரு மின்வெட்டும் ஒரு கைப்பையும். இப்படி ஒரு திருப்பத்தை நாமாகக் கற்பனை செய்திருந்தால் ‘நம்பும்படி இல்லை’ என்று நாமே அடித்திருப்போம்.

கடலடி கேபிளும் அப்படித்தான். 2023 பிப்ரவரியில் தைவானின் மாட்சு தீவுகளுக்குப் போகும் இரண்டு கேபிள்களும் ஒரு வாரத்துக்குள் அடுத்தடுத்து அறுந்தன. சீன மீன்பிடிப் படகும் சரக்குக் கப்பலும் காரணம் என்று தைவான் சொன்னது. பதினாலாயிரம் பேர் அளவில் வாழும் தீவுகள் ஏறத்தாழ 50 நாள் அரைகுறை இணைப்போடு காலம் தள்ளின. கேபிள் சரிசெய்யும் கப்பல்கள் உலகத்திலேயே குறைவு, வரிசையில் நிற்க வேண்டும். ஒரு குறுஞ்செய்தி போய்ச் சேரக் காத்திருக்கும் அண்ணனும் தங்கையும் உங்கள் கதையில் இருந்தால், அந்தக் கப்பலின் வரவே ஒரு உச்சக்கட்டம் ஆகிவிடும்.

ட்ரோன் பற்றி ஒரு வார்த்தை. அலைவரிசையை முடக்கினால் ட்ரோன் விழுந்துவிடும் என்று ரஷ்யர்களும் உக்ரைனியர்களும் முடக்கிகளை வாங்கிக் குவித்தார்கள். அப்புறம் உக்ரைன் களத்தில் என்ன வந்தது? தன் பின்னால் கிலோமீட்டர் கணக்கில் மெல்லிய கண்ணாடி இழையை விட்டுக்கொண்டே பறக்கும் ட்ரோன். கம்பியில்லாத் தொழில்நுட்பத்தின் உச்சத்தில் நின்றுகொண்டு மறுபடி கம்பிக்கே திரும்பினார்கள். உங்கள் நாவலில் ஒரு புதிய கருவியை அறிமுகம் செய்தால், நூறு பக்கத்துக்குள் அதற்கான முறியடிப்பும் வர வேண்டும். முறியடிப்பு பழைய காலத்துப் பொருளாக இருந்தால் இன்னும் நல்லது.

எதுவரை கற்பனை செய்யலாம் என்பதற்கு, 2015-ல் வந்த ‘கோஸ்ட் ஃப்ளீட்’ நாவலின் ஆசிரியர்கள் பி.டபிள்யூ. சிங்கரும் ஆகஸ்ட் கோலும் ஒரு விதி வைத்துக்கொண்டார்கள்: கதையில் வரும் ஒவ்வொரு கருவியும் ஏற்கெனவே இருக்க வேண்டும், அல்லது எங்காவது ஆய்வகத்தில் உருவாகிக்கொண்டிருக்க வேண்டும். நாவலின் கடைசியில் அதற்கு நூற்றுக்கணக்கான குறிப்புகளும் கொடுத்தார்கள். குறிப்புகளை நீங்கள் அச்சிட வேண்டாம். ஆனால் உங்கள் நோட்டில் இருக்கட்டும்.

7. எழுதும் முன் விளையாடிப் பாருங்கள்

டாம் கிளான்சியும் லாரி பாண்டும் 1986-ல் வெளியிட்ட ‘ரெட் ஸ்டார்ம் ரைசிங்’ நாவலின் கடற்போர்களில் சிலவற்றை, பாண்டு தானே வடிவமைத்த ‘ஹார்பூன்’ விளையாட்டில் ஆடிப் பார்த்துத்தான் எழுதினார்கள். எழுத்தாளர் விரும்பும் முடிவைப் பகடை தராது. அதுதான் இதில் லாபம்.

உங்களுக்கு அந்த விளையாட்டே வேண்டும் என்றில்லை. இரண்டு நண்பர்களை இரண்டு அறைகளில் உட்கார வையுங்கள். ஒருவர் சீனத் தளபதி, இன்னொருவர் அமெரிக்கத் தளபதி. நடுவர் நீங்கள். உண்மையான வரைபடம் உங்களிடம் மட்டும் இருக்கட்டும். ஒவ்வொரு சுற்றும் ஆறு மணி நேரம். அவர்கள் எழுதிக் கொடுக்கும் உத்தரவுகளை வாங்கி, முடிவைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். இடையிடையே ஒரு சீட்டை ஒரு சுற்று தாமதமாகக் கொடுங்கள். ஒரு சீட்டைத் தொலைத்துவிடுங்கள். ஒன்றில் தப்பான தகவல் எழுதுங்கள். அறைக்குள் அவர்கள் முணுமுணுப்பதையெல்லாம் ஃபோனில் பதிவு செய்துகொள்ளுங்கள். மூன்று மணி நேரத்தில் உங்களுக்குக் கிடைக்கும் தப்புக்கணக்குகளை ஒரு மாதம் தனியாக உட்கார்ந்து யோசித்தாலும் கண்டுபிடிக்க முடியாது.

8. யார் கண் வழியே?

நான்கைந்து பேருக்கு மேல் வேண்டாம். ஜனாதிபதியும் தளபதியும் கண்டிப்பாக வேண்டும் என்று நினைக்காதீர்கள். அவர்களுக்குத் தகவல் கடைசியில்தான் வரும், அதுவும் வடிகட்டி. எனக்குப் பிடித்த தேர்வு: தைச்சுங் எரிவாயு முனையத்தின் இரவுப் பணி மேற்பார்வையாளர், நாசகாரிக் கப்பலின் ரேடார் திரை முன் இருப்பவர், சீனத் தரையிறங்கு கப்பலில் முதல் தடவை கடல் பார்க்கும் ஒரு சிப்பாய், கேபிள் சரிசெய்யும் கப்பலின் தலைவர். தமிழில் எழுதுகிறோமே, நம்மவர் ஒருவரும் வேண்டுமென்றால், அவரை அமெரிக்கப் படையில் சேர்த்துச் சாகசம் செய்யவிட வேண்டியதில்லை. உலகக் கப்பல்களுக்கு மாலுமிகளை அதிகம் தரும் நாடுகளில் இந்தியாவும் ஒன்று. எரிவாயுக் கப்பலில் இரண்டாம் இன்ஜினியராக இருக்கும் ஒரு தூத்துக்குடிக்காரர், நங்கூரம் போட்ட இடத்தில் சுங்கப் படகு வருவதைப் பார்க்கிறார். அவருக்கு இந்தப் போரில் எந்தப் பக்கமும் இல்லை. சம்பளமும் ஒப்பந்தமும்தான் உண்டு. காப்பீட்டு நிறுவனம் கைவிரித்தால் கப்பல் முன்னே போகுமா, திரும்புமா?

சீனத் தரப்பைக் கார்ட்டூன் வில்லன்களாக்கினால் நாவல் அங்கேயே செத்துவிடும். இரண்டு உண்மைகளை வைத்துக்கொள்ளுங்கள். சீனா கடைசியாகப் பெரிய அளவில் போரிட்டது 1979-ல் வியட்நாமோடு. இன்று சீருடையில் இருப்பவர்களில் மிகச் சிலரைத் தவிர எவரும் போரைக் கண்ணால் பார்த்ததில்லை. இன்னொன்று, 1980 வாக்கில் தொடங்கி 2015 வரை அங்கே ஒரு பிள்ளைக் கொள்கை இருந்தது. அந்தச் சிப்பாய் தன் அப்பா அம்மாவுக்கு மட்டுமல்ல, இரண்டு பக்கத் தாத்தா பாட்டிகளுக்கும் ஒரே வாரிசாக இருக்கலாம்.

வசனத்தில் ஒரு எச்சரிக்கை. அமெரிக்க மாலுமிக்கும் சீனச் சிப்பாய்க்கும் சென்னை வழக்கைக் கொடுத்தால் சிரிப்பு வரும். முழு இலக்கணத் தமிழ் கொடுத்தால் மேடை நாடகம். சின்னச் சின்ன வாக்கியங்களாக, எந்த ஊர் வாசனையும் இல்லாத எளிய தமிழ்தான் இவர்களுக்குப் பொருந்தும். தூத்துக்குடிக்காரர் மட்டும் அவர் ஊர்த் தமிழில் பேசட்டும். ராணுவ அலுவலகத்தில் ஒருவரை ஒருவர் பதவியால்தான் கூப்பிடுவார்கள், அதையும் கவனியுங்கள்.

9. அணு ஆயுதத்தை மறக்காதீர்கள், வெடிக்கவும் விடாதீர்கள்

இரண்டு அணு வல்லரசுகள் மோதும் கதையில் அந்தச் சொல்லே வராமல் இருந்தால் வாசகர் நம்ப மாட்டார். வெடித்துவிட்டாலோ கதை முடிந்தது. தளபதிகள் ஏன் சில இலக்குகளைத் தொடாமல் விடுகிறார்கள் என்பதற்குக் காரணமாக அது பின்னால் நிற்கட்டும். முதலில் பயன்படுத்த மாட்டோம் என்பது 1964 முதல் சீனா சொல்லிவரும் கொள்கை. ஆனால் சாதாரண ஏவுகணையும் அணு ஏவுகணையும் ஒரே வண்டியிலிருந்து கிளம்பக்கூடிய டிஎஃப்-26 போன்ற ஆயுதங்கள் இருக்கும்போது, வானத்தில் வருவது எது என்று பார்ப்பவருக்கு எப்படித் தெரியும்?

1983 செப்டம்பர் 26 அன்று சோவியத் எச்சரிக்கை நிலையத்தில் பணியில் இருந்த ஸ்தானிஸ்லாவ் பெத்ரோவின் திரை, அமெரிக்காவிலிருந்து ஐந்து ஏவுகணைகள் கிளம்பிவிட்டதாகக் காட்டியது. நிஜத்தாக்குதல் என்றால் ஐந்தே ஐந்தை அனுப்ப மாட்டார்கள் என்று யோசித்து, அதைத் தவறான எச்சரிக்கை என்று மேலே சொன்னார். மேகத்தின் மேல் பட்டுத் தெறித்த சூரிய ஒளியை செயற்கைக்கோள் ஏவுகணை என்று எடுத்துக்கொண்டிருந்தது. உங்கள் கதை 2030-களில் நடந்தால் அந்த நாற்காலியில் ஒரு செயற்கை நுண்ணறிவு நிரலும் இருக்கும். அது 98 சதவீதம் உறுதி என்று சொல்லும்போது, பக்கத்தில் இருக்கும் மனிதர் மறுத்துப் பேசுவாரா? நாவலின் கனமான காட்சி இதுவாக இருக்கலாம். இதற்குச் சத்தம் தேவையில்லை.

10. போரை எப்படி நிறுத்துவது

இந்த வகை நாவல்களில் முக்கால்வாசி இங்கேதான் சொதப்புகின்றன. ஒரு பெரிய அடி, ஒரு ரகசிய ஆயுதம், எதிரி சரணடைகிறான், கொடி ஏறுகிறது. வல்லரசுகள் அப்படிச் சரணடைவதில்லை. கொரியாவில் போர்நிறுத்தப் பேச்சு 1951 ஜூலையில் தொடங்கியது, கையெழுத்தானது 1953 ஜூலை 27-ல். அந்த இரண்டு வருடமும் சண்டை நிற்கவில்லை. அமைதி ஒப்பந்தம் இன்றுவரை இல்லை. ஆகவே உங்கள் போர் யாருக்கும் திருப்தியில்லாத ஒரு கோட்டில் நிற்கட்டும். கையிருப்பு தீர்ந்ததால் நிற்கட்டும், டைஃபூன் வந்ததால் நிற்கட்டும். நான்காவது படியில் எண்ணிவைத்த எண்கள் இங்கே முடிவைச் சொல்லிவிடும்.

11. திருத்தம்

பதவியில் இருக்கும் தலைவர்களின் பெயரைப் போடாதீர்கள். அடுத்த தேர்தலில் நாவல் பழசாகிவிடும். ஆண்டையும் குறிப்பிடாமல் விடலாம், மாதம் இருந்தால் போதும். பொதுவெளியில் வந்த தகவல்களை மட்டும் பயன்படுத்துங்கள். ராணுவத்தில் இருக்கும் உறவினர் எதையாவது காதில் போட்டால் அதை எழுத வேண்டாம், அவருக்குத்தான் சிக்கல்.

முதல் வரைவை எழுதி முடித்ததும் ஒரு பெரிய தாளில் நாள், மணி, ஒவ்வொரு கப்பலும் இருக்கும் இடம், மீதமுள்ள ஏவுகணை, மீதமுள்ள எரிவாயு எல்லாவற்றையும் கட்டம் போட்டு எழுதி, அத்தியாயம் அத்தியாயமாகச் சரிபாருங்கள். செவ்வாய்க்கிழமை குவாமில் இருந்த கப்பல் புதன்கிழமை காலை நீரிணையில் நிற்க முடியாது.

அப்புறம் இரண்டு பேரிடம் படிக்கக் கொடுங்கள். கப்பலிலோ படையிலோ வேலை பார்த்த ஒருவர் தப்புகளைச் சிவப்பில் வட்டம் போடட்டும். இன்னொருவர் இந்த விஷயங்களில் துளியும் ஆர்வமில்லாதவராக இருக்க வேண்டும். அவரிடம் ‘பிடித்ததா’ என்று கேட்க வேண்டாம். எந்தெந்தப் பக்கத்தைப் புரட்டித் தள்ளினார் என்று மட்டும் கேளுங்கள். அவர் தள்ளிய பக்கங்களில் பத்துக்கு எட்டு, ஆயுதத்தின் நீளம் அகலம் சொல்லும் பக்கங்களாகத்தான் இருக்கும். அவற்றை வெட்டிவிட்டு அடுத்த திருத்தத்துக்குப் போங்கள்.